பேசினில் இருந்த பச்சைத் தண்ணீர்

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு தமிழனின் கார் கொதிப்பதற்கு மிக மோசமான இடம் சோதனைச் சாவடி. என்னுடைய கார் அங்கேதான் கொதித்தது. நான் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருந்தபோது பொனட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்ப, இரண்டு சிப்பாய்கள் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். மூன்றாமவன் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேரே பிடித்தான். ரேடியேட்டர் என்று மூன்று மொழியிலும் கத்தினேன். மூன்று மொழியிலும் அது ஒரே சொல்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் பழசாகிவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும், காரை ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார் கராஜ்காரர். மனைவி முடியாது என்றுவிட்டாள். இரவில் கராஜில் நிற்கிற காருக்குள் யார் எதை வைத்தாலும் சிறைக்கு உள்ளே போகப்போவது நாங்கள்தானே என்றாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிக் கந்தோர்களில் எழுத்து வேலை பார்த்துக் காலம் தள்ளிய எங்கள் கூட்டமே அப்படித்தான் யோசித்தது. பையைத் திற என்று யாரும் சொல்லாத இடத்திலும் திறந்து காட்டிக்கொண்டு நிற்போம். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்தவர் நாங்கள் குடியிருந்த குண்டசாலையிலிருந்து கண்டிக்கு ஒருநாளும் கார் ஓட்டியிருக்க மாட்டார்.

ஆகவே வீட்டிலேயே மாற்றுவதென்று முடிவாயிற்று. காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஓட்டுவது மட்டும். மனைவியைக் கேட்டால் அதுவும் இல்லை என்பாள். கண்டியில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி கூலன்ட் கானைத் தந்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் விளக்கினார். கடைசியில் ஒன்று சொன்னார்.

“பழசக் கண்ட இடத்துல வெக்காதீங்க சேர். இனிப்பா இரிக்கும். நாய் குடிச்சா மவுத்துதான்.”

நான் கார் மேதை போலத் தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டில், ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல் நாங்கள் மாத்தயா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். தமிழர்களை அடித்த கலவரத்தின்போது எங்களை இரண்டு நாள் தன் வீட்டுச் சாமான் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர். அது சத்தியம். அவர் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. ஆனால் அந்தக் கதையை அவர் வெசாக் பண்டிகைக்கும் சொல்வார், புத்தாண்டுக்கும் சொல்வார், மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னார். கதையில் எங்களைத் தேடி அவர் வாசலுக்கு வந்த காடையர்கள் முதலில் இருபது பேர். வருடங்கள் போகப்போக இருநூறு பேர் ஆனார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சாட்சிக்குச் சிரித்தோம். அவருக்கு ஒரு வெள்ளை நாய் இருந்தது. பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு அதற்குத்தான் முதல் சோறு.

சனிக்கிழமை காலை காருக்கடியில் மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றினேன். உடுப்பு ஊறப்போடும் பேசினில் பழைய கூலன்ட் பச்சையாக இறங்கி நிறைந்தது. அங்கேதான் பயம் பிடித்தது. தமிழன் வீட்டு முற்றத்தில் ஒரு பேசின் நிறையப் பச்சைத் திரவம். பார்ப்பவன் என்ன நினைப்பான்? கானில் ஊற்றி வைத்தால் கான் எதற்கு என்பான். வடிகானில் ஊற்றினால் அது பொலிஸ் காவலரணைத் தாண்டித்தான் ஓடும். யோசித்து யோசித்து, பேசினின் மேல் நான் உடுத்துகிற சாரம் ஒன்றைப் போட்டு மூடி, குனிந்து பதுங்கி, வீட்டின் பின்பக்கம் வேலியோரமாகக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றுமில்லாததை ஒளித்துவைக்க எங்களைப் போல் பழகியவர்கள் யாரும் இல்லை.

புதியதை ஊற்றி முடித்த பிறகுதான் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது; போய்ப் பார்த்தபோது சாரம் விலகிக் கிடந்தது, பேசின் கால்வாசி குறைந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை நாய் கால் பின்ன நடந்து, விழுந்து, எழுந்தது.

நான் என்ன செய்தேன்? வீட்டுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். சிங்களவரின் நாய்க்கு நஞ்சு வைத்த தமிழன் என்று ஊர் பேசுமே என்று உட்கார்ந்தேன். எங்களைக் காப்பாற்றிய மனிதரின் நாய் ஆயிற்றே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணித்தியாலம் போனது. என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டுப் பிடுங்கிவிட்டாள்.

“இப்பவே போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன்.”

போனேன். இப்போதுதான் கண்டேன் என்றேன். மாத்தயா உள்ளே ஓடி மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன குடித்தது என்று தெரிந்ததும், தான் வந்து சேரும்வரை சாராயத்தைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னாராம் வைத்தியர். அந்த நஞ்சுக்கு அதுதான் மருந்தாம். வாழ்நாளில் சாராயப் போத்தலைத் தொடாதவன் என்று கந்தோரில் மார்தட்டிக்கொண்ட நான், மாத்தயா எடுத்துவந்த போத்தலிலிருந்து, நாயின் வாயைப் பிளந்து பிடித்துச் சாராயம் ஊற்றினேன். அதில் பாதி என் மடியில் கொட்டியது.

அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் என் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. மாத்தயா எழுந்து போனார். வெகுநேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஜீப் திரும்பிப் போயிற்று. வந்து உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் முகத்தை நேரே பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

“காலையில் நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். நீங்கள் எதையோ மூடி ஒளித்துக்கொண்டு போனீர்கள். பயந்துவிட்டேன்.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவனை, வேலியால் எட்டி என்ன அது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது வைத்தியர் வந்துவிட்டார். ஊசி போட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார், பிழைத்துவிடும் என்றார். கண்டவுடனேயே சொன்னதால்தான் காப்பாற்ற முடிந்தது என்றார்.

மாத்தயா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கண்டவுடனேயே ஓடி வந்தீர்களே என்றார்.

நான் ஓமென்று தலையாட்டினேன்.