காய்ந்த மூக்கு

சேரப்பணஞ்சேரி கனகம் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது மாட்டின் மூக்கை. புருஷன் முகமெல்லாம் அப்புறம்தான். மூக்கு ஈரமாக இருந்தால் மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அன்று செவலையின் மூக்கு காய்ந்து கிடந்தது.

அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. சாணம் தண்ணீராகப் போய்ப் புளித்த நாற்றம் அடித்தது. காரணம் கனகத்துக்குத் தெரியும்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். மீந்த சோற்றை வெளியே எடுத்துப் போகக் கூடாது, போனால் வேலை காலி. இருந்தும் எடுப்பாள். அந்தப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களில் யார்தான் எடுக்கவில்லை? முந்தின நாள் மெஷின் பழுதாகி செகண்ட் ஷிஃப்ட்டையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வடித்த சோறு அண்டாவோடு மீந்தது. இரண்டு பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

மாட்டு டாக்டர் சிவசங்கர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “என்னம்மா போட்டீங்க?”

“வைக்கோலுதான் சார்.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார்.” வேலையை நினைத்து நாக்கு அப்படிப் புரண்டது.

வெறும் வாயுதான் என்று அவர் அதற்கான மருந்தைத் திறந்தார். செவலை பல்லை நறநறவென்று கடித்தது. வலி தாங்காத மாடு அப்படித்தான் கடிக்கும்.

“சோறு சார்!” கனகம் கத்திவிட்டாள். “ஒரு பக்கெட்டு கேன்டீன் சோறு! எப்டியாவது காப்பாத்துங்க சார்!”

“இத முதல்லயே சொல்றதுக்கென்ன? அவ்வளவு சோறும் வயித்துல புளிச்சுப்போச்சு, உயிருக்கே ஆபத்து.” சோடா உப்பைக் கரைத்து மாட்டின் வாயில் ஊற்றினார். “சாயங்காலத்துக்குள்ள அசை போட்டா பிழைச்சுக்கும். இன்னும் சோறு இருந்தா கொட்டிடுங்க.”

இன்னொரு பக்கெட். பாவம், நிறைமாசச் சினை ஆயிற்றே என்று கனகம் அதைப் பக்கத்துத் தெரு பாஞ்சாலியின் மாட்டுக்குக் கொடுத்திருந்தாள். அங்கே ஓடினாள்.

பாஞ்சாலி வாசலிலேயே சிரித்தாள். “உன் புண்ணியம்க்கா, ராத்திரியே மொத்தத்தையும் துன்னுச்சி. இன்னும் எய்ந்திரிக்கல பாரு. உண்ட மயக்கம் போல கீது.”

கனகம் குனிந்து மாட்டின் மூக்கைத் தொட்டாள். காய்ந்திருந்தது.