பொட்டு வைத்த அபாய விளக்கு

கட்டைவிரல் அளவே இருந்த அந்தச் சிவப்பு விளக்கின் மேல் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து ஆலை மீண்டும் ஓடத் தொடங்கிய காலை அது. விளக்கு எரியவில்லை, பொட்டு மட்டும் சிவந்திருந்தது.

பெங்களூரின் ஓரத்திலிருந்த ஐஸ்கிரீம் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு அடுத்த இருக்கை அவளுடையது. அதே ஊரின் ஆஸ்டின் டவுன்காரி, என் தோழி. இயந்திரங்களையும் உணர்கருவிகளையும் எங்கள் திரையோடு இணைத்த நெட்வொர்க் ஸ்விட்சுகளில் எது பழுதானாலும், ஒரு கேபிள் கழன்றாலும் அந்த விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். நாங்கள் அலறலுக்கு அஞ்சினோம். அவளோ அமைதிக்கு அஞ்சினாள். அவள் கணவர் அம்மோனியா கம்ப்ரஸர் அறையில் வேலை பார்த்தார். அங்கே அந்த நச்சு வாயு கசிந்தால் முதலில் அறிய வேண்டியது எங்கள் திரைதான். ஆகவே தினமும் காலையில், எதற்கும் பயன்படாத உபரிக் கேபிள் ஒன்றைத் தானே பிடுங்கி, பஸ்ஸரைக் கத்தவிட்ட பிறகே உட்காருவாள். "குழந்தையைக் கிள்ளி அழவிடற மாதிரி இருக்குதே மேடம்," என்று எலக்ட்ரீஷியன் கிண்டல் செய்வார். "அழுதாதானேண்ணா உயிரோட இருக்குன்னு அர்த்தம்," என்பாள்.

அன்றும் பிடுங்கினாள். சத்தமில்லை. திரை முழுவதும் பச்சை. அவள் முகம் வெளுத்ததை இப்போதும் காண்கிறேன்.

பூஜைக்காக இயந்திரங்களை நிறுத்தியபோது பஸ்ஸர் ஓயாமல் அலற, மந்திரம் கேட்கவில்லை என்று அலாரங்களை அடக்கி வைத்திருந்தோம். "திருப்பிப் போட்டீங்களாண்ணா?" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டாள். "நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேனே மேடம்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அலாரங்களுக்குப் போட்டிருந்த தடையை அவள் நீக்கிய மறுகணம் குங்குமத்துக்குள்ளிருந்து விளக்கு எரிந்தது, பஸ்ஸர் வீறிட்டது. கம்ப்ரஸர் அறை ஸ்விட்சோடு தொடர்பே இல்லை. திரையில் அமைதியாக நின்ற வாயு அளவு, தொடர்பு அறுவதற்கு முன் வந்த பழைய எண். கணவரைப் போனில் அழைத்தாள். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாவதில் குரல் வந்தது: "என்னாடி, ரெண்டு இட்லிதான் எறங்கியிருக்கு..."

"கேள்வி கேக்காதீங்க. எல்லாரையும் கூட்டிக்கினு வெளிய வாங்க."

கசிவு ஏதும் இருக்கவில்லை. பூஜைக்கு அங்கே ஸ்விட்ச் இருந்த பெட்டியோடு சேர்த்துக் கட்டிய வாழைக்கன்றின் கயிறு கேபிளை இறுக்கி முறித்திருந்தது, அவ்வளவே. "உங்க வீட்டுக்காரரை எச்சில் கையோட ஓட வெச்சிட்டீங்களே!" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தண்ணீர்க் குவளையை மட்டும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

கணவர் ஓய்வு பெற்றதும் இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். நான் இப்போது நகருக்குள் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, பார்த்தேயிராத ஆலைகளின் அலாரங்களைக் கவனிக்கிறேன். அவை என் கைப்பேசிக்கே வருகின்றன. வராத காலைகளில் உணவு இறங்குவதில்லை. ஏதாவதோர் ஆலையைக் கூப்பிட்டு, உபரிக் கேபிளைப் பிடுங்கச் சொல்கிறேன். "புடுங்கியாச்சு மேடம்," என்று குரல் வரும். அதற்கும் என் கைப்பேசி அலறுவதற்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் என் கண்முன் அந்த விளக்கு நிற்கிறது. எரியாமல், பொட்டு மட்டும் சிவந்து.