வெளியில் போட்ட சாம்பல் கோடு

1998இல் குருநகர்க் கரையில் படகு எஞ்சின் திருத்தும் கராச் திறந்த நாள் தொடக்கம், சந்தியோகு பூசி மூடிய எந்த எஞ்சினும் ஒயில் கசிந்து திரும்பி வந்ததில்லை. போன ஆவணியில் அவர் கராச்சிலிருந்து போன ஒன்று வந்தது. கடலில் நின்றுபோய், இன்னொரு படகால் கட்டி இழுக்கப்பட்டு வந்தது.

ஒயில் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் சந்தியோகு உடனே சிலிக்கன் பசை ரியூப்பைத் தேடமாட்டார். எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். ஓடவிடுவார். பக்கத்தில் குந்தியிருந்து, ஒயில் எந்த இடத்தில் முதலில் பளபளக்கிறது என்று பார்ப்பார். மேலே கசிந்ததுதான் கீழே வந்து சொட்டும். சொட்டுகிற இடத்தில் பூசிவிட்டுப் போகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவருடைய கட்சி. இடம் தெரிந்த பிறகுதான் எதைப் பூசுவது என்ற யோசனை. புகை போகும் குழாயடிக்குச் சூடு தாங்கும் சிவப்பு. எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தட்டுக்குச் சாம்பல் நிறம். அது ஒயிலுக்கும் அசையாது, அதிர்வுக்கும் விட்டுக்கொடுக்கும். ஆனால் ஒரு முழுநாள் காயவேண்டும். கண்ணாடி போலிருக்கும் சிலிக்கன் குளியலறைத் தொட்டிக்கு. ஒயில் பட்டால் அது ஊதிப்போய்க் கழன்றுவிடும்.

மற்ற மெக்கானிக்மார் பூசி இறுக்கியதும் வெளியே பிதுங்குவதை வழித்துத் துடைத்துவிடுவார்கள். சந்தியோகு துடைப்பதில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றி நகத் தடிப்பில் ஒரு சாம்பல் கோடு நிற்கும். கரையில் பழைய எஞ்சின் வாங்க வருகிறவர்கள் குனிந்து முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். கோடு இருந்தால் சந்தியோகுவின் கை பட்ட எஞ்சின். வேறு உத்தரவாதம் எவரும் கேட்டதில்லை.

ஆவணித் திருவிழாவுக்கு அவர் மனைவி பெர்னடெட்டோடு மடு மாதா கோயிலுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார். திரும்பி வரும்வரை கராச் பூட்டிக் கிடக்கும், எஞ்சின்கள் காத்திருக்கும். போன முறைதான் முதல் தடவையாகச் சாவியை ஜஸ்ரினிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜஸ்ரின் பெர்னடெட்டின் தம்பி. பல வருடமாக அவர் பக்கத்தில் நின்று வேலை பழகியவன்.

மடுவால் வந்து ஒரு கிழமை ஆகவில்லை. மத்தியானம் கரையில் சத்தம் கேட்டது. கிறிஸ்ரோபரின் படகை இழுத்து வந்திருந்தார்கள். மண்டைதீவுக்கு அப்பால் எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். எஞ்சினைத் தூக்கி கராச் வாசலில் வைத்தபோது பின்னால் ஒரு கூட்டமே வந்தது.

"சந்தியோகு அண்ணை, உங்கடை கோட்டை நம்பித்தானே கடலுக்குப் போனனான்!" கிறிஸ்ரோபர் கத்தினார். "காத்து மாறியிருந்தா இண்டைக்கு என்ரை மனிசி கறுப்பு உடுத்திருப்பாள்."

"நான் உன்ரை எஞ்சினைத் தொடவே இல்லையே, கிறிஸ்ரோபர்."

"நீங்கள் மடுவிலை நிக்கேக்கை ஜஸ்ரின் பூசித் தந்தவன். நீங்கள் போனிலை சொல்லச் சொல்லத்தான் செய்யிறன் எண்டான்."

சந்தியோகுவுக்குப் போன் எதுவும் வரவில்லை. திரும்பி ஜஸ்ரினைப் பார்த்தார். அவன் ஒரு ஸ்பனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த ஸ்பனரையே திரும்பவும் துடைத்தான்.

"அண்ணை மடுவிலை நிண்டு மாதாவைக் கும்பிட, கிறிஸ்ரோபர் கடலிலை நிண்டு கும்பிட்டவன்," என்றார் கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

போன் விசயத்தைப் பிறகு வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று சந்தியோகு நினைத்தார். மச்சானை ஊருக்கு முன்னால் நிறுத்தி விசாரிக்க அவருக்கு மனம் வரவில்லை. "ஜஸ்ரின் பூசினா நான் பூசின மாதிரி," என்றார் சத்தமாக. "அவன்ரை கை என்ரை கை. பிழை எங்கையெண்டு எல்லாருக்கும் முன்னாலை கழட்டிப் பாப்பம்."

எஞ்சினைச் சரித்தார்கள். தட்டின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் கோடு ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் போடுவது போலவே, அதே தடிப்பு. ஆணிகளைக் கழற்றித் தட்டைத் தட்டினார். இறங்க அடம்பிடிக்க வேண்டிய தட்டு, லேசாகத் தட்டியதுமே கையோடு வந்தது.

உள்ளே சாம்பல் இல்லை. ஒயிலில் ஊறிய கண்ணாடிச் சிலிக்கன், ஜெலி போல வழுக்கிக்கொண்டு நீளமாகக் கழன்றது. அதன் துண்டுகள் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்திருந்தன. பாதி ஒயில் விளிம்பால் ஒழுகியிருக்கிறது; மிச்சம் மேலே ஏற வழி இருந்திருக்கவில்லை. எஞ்சின் காய்ந்து இறுகிவிட்டது.

அந்தச் சிலிக்கனை அவருக்குத் தெரியும். வீட்டுக் குளியலறைத் தொட்டிக்குப் பூசிவிட்டு மிச்சத்தைக் கராச் மூலையில் அவரே வைத்திருந்தார்.

"இது ஆர் எடுத்தது, ஜஸ்ரின்?"

"சாம்பல் முடிஞ்சுபோச்சு, அத்தான். லீவு நாள், கடை பூட்டு. கிறிஸ்ரோபர் அண்ணையும் விடியக் கடலுக்குப் போகவேணும் எண்டு நிண்டவர்."

"முடிஞ்செண்டா வெளியிலை பூசின சாம்பல் எங்காலை வந்தது?"

"ரியூப்பின்ரை அடியிலை கொஞ்சம் கிடந்தது."

சந்தியோகு தட்டைக் கீழே வைத்தார். "சாம்பல் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். அத்தான் வரட்டும் எண்டு சொல்லியிருக்கலாம். கோடு ஏன் போட்டனி?"

ஜஸ்ரின் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "கோடு இல்லாட்டி அவர் எஞ்சினை எடுத்துக்கொண்டு போகமாட்டார், அத்தான்."

கிறிஸ்ரோபர் அவன்மேல் பாய்ந்தார். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். தூசணப் பேச்சுப் பறந்தது. ஜஸ்ரின் ஸ்பனரை மேசையில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். இனி எல்லாரும் தன் பக்கம் நிற்பார்கள் என்று சந்தியோகு எதிர்பார்த்தார். அப்படி நடக்கவில்லை.

"இப்பதானே அண்ணை சொன்னீங்கள், அவன்ரை கை உங்கடை கை எண்டு," என்றார் கேலி பேசிய அதே ஆள். இந்த முறை கேலி இல்லை. "என்ரை எஞ்சினிலையும் அந்தக் கோடு கிடக்கு. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும்?"

அன்று பின்னேரமே கரையில் நின்ற படகுகளில் மூன்று பேர் தங்கள் எஞ்சின்களின் விளிம்பைக் கத்தியால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கராச் வாசலிலிருந்து பார்த்தார். மூன்றும் அவர் தன் கையால் பூசியவை.

வீட்டில் பெர்னடெட் சோற்றை வைத்துவிட்டு எதிரில் இருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"அவசரத்திலை அறிவில்லாமல் செய்துபோட்டான் எண்டு விடுங்கோவன்."

"அறிவில்லாமல் செய்தவன் உள்ளுக்கையும் வெளியிலையும் ஒண்டையே பூசியிருப்பான், பெர்னடெட். உவன் ரெண்டு பூசினவன்."

அடுத்தநாள் பூசை முடிய நேரே தம்பி வீட்டுக்குப் போய், கராச் சாவியை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். அங்கே என்ன கதைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

கிறிஸ்ரோபரின் எஞ்சினைச் சந்தியோகு தன் செலவிலேயே திருத்திக் கொடுத்தார். தட்டை மூடும்போது கிறிஸ்ரோபரைப் பக்கத்தில் நிற்கவைத்தார். புது ரியூப்பை அவர் கண்முன்னாலேயே உடைத்து, ஆணித் துளைகளின் உட்பக்கமாகச் சாம்பலை ஓடவிட்டார். இறுக்கியதும் வெளியே பிதுங்கியதை ஒரு துணியால் சுற்றிவரத் துடைத்தெடுத்தார். விளிம்பில் எதுவும் மிஞ்சவில்லை.

இப்போது எஞ்சினுக்குச் சொந்தக்காரர் வந்து நிற்காமல் அவர் எந்தத் தட்டையும் மூடுவதில்லை. வருகிற ஆவணித் திருவிழாவுக்கு பெர்னடெட் தன் தங்கச்சி லவீனாவோடு மடுவுக்குப் போகிறாள். சந்தியோகு போகவில்லை. கராச் திறந்திருக்கும்.