ஆற்றோடு போன மண்

எங்கள் வயல் மண் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? மழைவிட்ட காலையில், மகளோடு மணமேல்குடிக் கடற்கரையில் நிற்கிறேன். வெள்ளாறு கலக்கும் இடத்தில் கடல் செம்மண் நிறமாக இருக்கிறது. வலையிலிருந்து சேற்றை உதறும் பெண் எந்த ஊர் என்று கேட்கிறார்.

“அறந்தாங்கிப் பக்கம். ஆத்தங்கரைலதான் வயல்.”

“அப்பப் போறப்ப ஒங்க மண்ண அள்ளிட்டுப் போங்க. நண்டு மேயுற கடல்புல்லெல்லாம் மண்ணு மூடிக்கெடக்கு. நண்டு எங்கிட்டு வரும்?”

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் பாதத்தில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துப் பார்க்கிறேன். எங்கள் மண் போலத்தான் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம்.

வயலை அகலப்படுத்த, கரை மண்ணைப் பிடித்து நிற்கும் ஆற்றோரப் புங்க மரங்களையும் நாணலையும் பிடுங்க அடுத்த வாரம் ஜேசிபி வருகிறது. ஏற்பாடு மாமனாருடையது. அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

மரங்களை விட்டுவிடும்படி அவரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள்.