இடது கை மேலே

எங்கள் பனியன் கம்பெனியில் காலை மணி அடித்த பிறகும் மெஷினை ஓட விடாமல் எல்லாரையும் எழுப்பி நிற்க வைத்தார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், வேலையாட்களுக்கு உடற்பயிற்சி உண்டா என்று கேட்டார்களாம். உண்டு என்று சொல்லிவிட்டு வந்து, அப்புறம்தான் ஆரம்பித்தார்கள். எங்கள் கம்பெனியில் எதுவும் அப்படித்தான் நடக்கும்.

சொல்லிக்கொடுக்க வந்தது ஹெச்.ஆர். பெண். உடுமலைப்பேட்டைக்காரி, என் மகள் வயதுதான் இருக்கும். மைக்கைப் பிடித்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுவாள். கழுத்தைத் திருப்பு, இடுப்பை வளை, கடைசியில் இரண்டு கையும் தலைக்கு மேலே. முதல் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீஸ் ரேட்டில் தைக்கிறவள் நான். கையை ஆட்டிக்கொண்டு நிற்பதற்கு எவன் கூலி கொடுப்பான்?

ஆனால் வம்பே அந்தக் கையில்தான் இருந்தது. ஓவர்லாக் மெஷினில் வருஷக்கணக்காகத் துணியை இழுத்து இழுத்துத் தள்ளி, என் இடது தோள் இறுகிப் போயிருந்தது. கை தோளுக்கு மேல் ஏறாது. கொண்டை போட முடியாமல் தினமும் காலையில் வீட்டுக்காரர் முன்னால் போய் உட்காருவேன். அவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி என் முடியை முறுக்கி வைப்பார். டாக்டரிடம் போனபோது, பயிற்சி செய்யாவிட்டால் கை மொத்தமாக நின்றுவிடும் என்றார். கை நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

வீட்டிலும் செய்து பார்த்தேன். திருப்பூர் மண்ணரையில் ஒற்றை அறை லைன் வீடு எங்களுடையது. கையை விரித்தால் பாத்திர அலமாரியில் இடிக்கும். இரண்டு தடவை தூக்குவதற்குள் உயிர் போகிற வலி. அதற்குள் சோறு பொங்கிவிடும், குழாயில் தண்ணீர் வந்துவிடும். அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். கம்பெனியில் அப்படி விட முடியாது. சுற்றிலும் அத்தனை பேரும் கையைத் தூக்கும்போது நான் மட்டும் எப்படி இறக்குவது? பக்கத்துத் தையல் லைன் பீகார்காரர்கள் எங்களுக்கு முந்தி எட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் என் வலியும் கொஞ்சம் மறந்து போகும்.

மெல்ல மெல்லக் கை ஏறியது. முதலில் காது வரை, அப்புறம் நெற்றி. மத்தியானத் தலைவலி போனது, விரல் மரத்துப் போவது குறைந்தது, ராத்திரி புரளாமல் தூங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு நானே கொண்டை போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று அழுதுவிட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய்த் திரும்பி நின்று, நானே போட்டது என்று கொண்டையைக் காட்டினேன். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கெடு நெருங்கியதும், ஷிப்மெண்ட் முடியட்டும், அதுவரை பயிற்சி வேண்டாம் என்றார் மேனேஜர். சரக்கு போனது. அடுத்த சரக்கு வந்தது. அதுவும் முடியட்டும் என்றார். திருப்பூரில் எந்தக் காலத்தில் ஷிப்மெண்ட் முடிந்திருக்கிறது? அந்தப் பெண் இரண்டு மூன்று முறை மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போய்க் கேட்டுப் பார்த்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திரும்பினாள். நான் என் மெஷின் பக்கத்தில் தனியாக எழுந்து நின்று கையைத் தூக்கினேன். சூப்பர்வைசர் வந்து உட்காரச் சொன்னார். அடுத்தவளுக்குத் துணி போகாமல் லைன் நிற்கிறதாம். உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? பழையபடி தோள் இறுகியது, பழையபடி வீட்டுக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பிறகு அந்த வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை எல்லாரையும் எழுப்பி ஒத்திகை பார்த்தார்கள். மைக்கில் எண்ணிக்கை கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு ஆசை. கையைத் தூக்கினேன். வலது கை உச்சிக்குப் போனது. இடது கை தோளோடு நின்றது. மேனேஜர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, போட்டோ எடுக்கறாங்களாமுங்க. கொஞ்ச நேரம் ஸ்டோர்ல இருந்துக்கறீங்களா?"

வாய் வரை வந்தது. அவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? ஸ்டோருக்குப் போனேன். பேக்கிங்கில் இருந்து ஒருத்தியைக் கூட்டி வந்து என் மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். அவளுக்கு இரண்டு கையும் நன்றாக ஏறும்.

ஸ்டோரில் துணி ரோல்களுக்கு நடுவே நின்றேன். வெளியே அந்த ஹெச்.ஆர். பெண் மைக்கில் எண்ண ஆரம்பித்தாள். இங்கே நானும் தூக்கினேன். என் கை உயர்வதைப் பார்க்க ஒருத்தரும் இல்லை, இருந்தாலும் விடவில்லை. பல்லைக் கடித்து இடது கையை வலது கையால் பிடித்து இழுத்தேன். கை ஏறவில்லை. இழுத்த இழுப்பில் கொண்டைதான் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவிழ்ந்த முடியோடு மெஷினில் உட்கார விட மாட்டார்கள், பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் இங்கே எங்கே இருக்கிறார்? முடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் போன பிறகு அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். முடியைப் பிடித்தபடி நான் நிற்பதைப் பார்த்தாள். பின்னால் வந்து முடியை வாரிச் சேர்த்து இறுக்கிக் கொண்டை போட்டாள்.

"நாளையிலிருந்து எப்படியாச்சும் மறுபடி ஆரம்பிச்சறலாமுங்க அக்கா" என்றாள்.

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. என் மெஷின் முன்னால் துணி குவிந்திருக்கும்.

"ஷிப்மெண்ட் முடியட்டும் கண்ணு" என்றேன்.