துத்த டிரம்மில் கலக்கிய கடல் தண்ணீர்

ஏற்காட்டு மலையிலேயே முதலில் கடல்மீன் வளர்த்தவன் நான்தான். பொய். நான் கொன்றவன்.

தொட்டி, காற்று மோட்டார், விளக்கு, மீன், உயிருள்ள பவளம் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். உப்புத் தண்ணீர் கலக்கப் புது பிளாஸ்டிக் வாளியும் வாங்கச் சொன்னார் சேலத்துக் கடைக்காரர்.

"ஊட்ல டிரம் இருக்குதுங்க" என்றேன் பெருமையாக. காப்பிச் செடிக்கு அடிக்கும் மயில்துத்த மருந்தைக் கலக்கும் டிரம் அது. கழுவிவிட்டுத்தான் கலக்கினேன்.

மறுநாளே, பூப்போல விரிந்திருந்த பவளம் சளியாக ஒழுகியது. மீன் உப்பி மிதந்தது. கையால் அள்ளிய அந்தக் கொழகொழப்பு, இன்றும் ரசம்சோறு பிசையும்போது விரல்களில் வந்து ஒட்டுகிறது.

"துத்தத்துல செம்பு இருக்குதுங்க, பவளம் தாங்காது" என்றார் கடைக்காரர்.

"பொணம் வளக்கறதுக்கு இத்தன சாமானுங்களா?" என்றாள் மனைவி.

இப்போது மறுபடியும் மீனும் பவளமும் வாங்கி விட்டிருக்கிறேன். தண்ணீர் கலக்கத் தனி வாளி. அதில் வேறெதையும்... இருங்கள், மனைவி கூப்பிடுகிறாள்.

"ஏனுங்க, டிரம்மு ஓட்டையாப் போச்சு. உங்க மீன் வாளியிலயே துத்தத்தக் கலக்கிட்டேன். வந்து மருந்தடிங்க."