இது யார் லக்கேஜ்?

மலாயாவில், தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அக்காவை மலாக்காவில், காஜா பேராங்கில் உள்ள புகுந்த வீட்டில் விட வேண்டும். அத்தானுக்கு லீவு இல்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த என்னை அனுப்பினார்கள். சனிக்கிழமை, காலை 9.10 பஸ். இருபத்து நான்கு மைல். ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை.

லக்கேஜ் என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்தவன் நான். அங்கே அது கப்பலேறும் தோல்பெட்டி. இந்த பஸ்ஸில் அது பாய், பலாப்பழம், கால் கட்டிய கோழி. கூரைமேல் ஏற்றினால் இருபது காசு. ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காசு தர மறுத்தார்.

“மடியில இருந்தா புள்ள மாதிரி, விட்டுடறேன்,” என்றார் கண்டக்டர். “எறங்கி நடந்துச்சுன்னா டிக்கெட்டு.”

சிரித்தோம். அலோர் காஜாவுக்கு முன் முள்கம்பித் தடுப்பு தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

துப்பாக்கியுடன் ஒரு மலாய்க் காவலர் ஏறினார். எங்கள் காலடியில் இருந்த துணிப்பையைத் திறந்தார். மேலே என் சட்டை. அடியில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அரிசி.

மகளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று அம்மா கட்டி வைத்தது. இந்தச் சாலையில் அரிசி கொண்டுபோனால், காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு என்றுதான் பொருள். சிறை.

காவலர் மலாயில் கேட்டார். கண்டக்டர் தமிழில் கேட்டார்: “இது யாரு லக்கேஜ்?”

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “என்னோடதுதான்,” என்று எழுந்தாள். “நீ உக்காரு தம்பி.”

அவளைக் கீழே இறக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். இருபத்தைந்து நிமிடம். நான் இறங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன்.

அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டு, அரிசியை வைத்துக்கொண்டு, அவளை அனுப்பினார்கள். மறுபடி கூப்பிடுவார்களா, தெரியாது. ஏறி உட்கார்ந்து, கலைந்திருந்த என் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். மீதி பதினைந்து மைல்.

காஜா பேராங்கில் அவள் மாமியார் வாசலுக்கு வந்து, வழியில் தொந்தரவு ஏதும் உண்டா என்று கேட்டார்.

“தம்பி கூட இருக்கறப்ப என்னா பயம் அத்த,” என்றாள் அக்கா.

இந்த வழியில் போகிறவர்கள் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். அரிசி, டின் பால் வேண்டாம். புறப்படும் முன் பையைக் கொட்டிப் பாருங்கள். தடுப்பில் அரை மணி போகும்.

திரும்பும்போது தனியாக வந்தேன். அதே இடத்தில் பஸ் நின்றது. என்னிடம் பை எதுவும் இல்லை. அப்போதும் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டேன்.